கண்ணாடிக் கணக்கு

மைதானத்தின் வலப்புற வேலிக்கு வெளியே
தெருவுக்கு இந்தப் பக்கம், மாடியில், என் வீடு.
வாடகை குறைவு என்றார்கள்.
ஏன் என்று கேட்காமல் குடிவந்தேன்.
நாற்பத்தொன்பது மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
ஏன் என்பது ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்தது.

முட்டைக்கோஸ் சூப்பில் கிடந்த பந்தை
கரண்டியால் எடுத்தேன்.
சிவப்பு நூல். நூற்றெட்டுத் தையல்.
கோட்டுத் தொழிற்சாலையில் தைப்பவள் நான்,
தையலை எண்ணாமல் விடமாட்டேன்.

பக்கத்து வீட்டு வானொலி கத்தியது:
டெல்மர் ஹஸ்காம்ப்! இடக்கைக்காரன்! வயது இருபத்திரண்டு!
அயோவா பன்றிப் பண்ணையிலிருந்து நேராக இங்கே!
முதல் ஹோம் ரன்!
எங்கே விழுந்தது என்று மட்டும்
அதற்குத் தெரியவில்லை.

கிளப் அலுவலகத்தில் ஒரு பேரேடு உண்டு.
சதுரம் ஒன்றுக்கு இரண்டு டாலர் நாற்பது சென்ட்.
சூப்புக்குக் கிடையாதாம்.
நானும் ஒரு நோட்டுப் போட்டேன்.

ஐம்பதில் மூன்று.
ஐம்பத்தொன்றிலும் இரண்டிலும் ஒன்றுமில்லை,
கொரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.
அங்கே உடைந்த ஜன்னல்களுக்கு
யார் பேரேடு போட்டார்களோ.

ஐம்பத்து மூன்றில் திரும்பி வந்தான்.
முப்பத்தேழு ஹோம் ரன்,
என் வீட்டுக்கு மட்டும் ஐந்து.
நான் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆனால்
மட்டையின் சத்தம் வைத்தே சொல்வேன்:
'டொக்' என்றால் சமைக்கலாம்.
'டக்' என்றால்
அடுப்பை அணை, சுவரோரம் ஒதுங்கு.

அந்த டிசம்பரில்
ஈரி ஏரிக்காற்று அட்டைப்பலகையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது
கண்ணாடிக் கடையிலிருந்து ஆள் வந்தான்.
நிலைப்படியில் குனிந்து நுழைந்தான்.
மூக்கைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன்.
குளிர்காலத்தில் கிளப் சம்பளம் தராது,
வீட்டில் இரண்டு குழந்தைகள், என்றான்
நான் கேட்காமலே.

யார் உடைத்தது, என்றேன், தெரியாதவள் போல.
"ஒரு மக்கு" என்றான்,
மக்கைப் பிசைந்துகொண்டே.

வேலை முடிந்தும் போகாமல் நின்றான்.
எங்கே வந்து பட்டது, காட்டுவீர்களா?
அடித்தவன் தலையைக் குனிந்துகொண்டே ஓட வேண்டுமாம்.
அண்ணாந்து ரசித்தால் பிட்சருக்குக் கோபம்,
அடுத்த பந்து விலாவுக்கு வரும்.
எண்பத்தாறு ஹோம் ரன் அடித்தவன்
ஒன்றுகூட விழுந்து பார்த்ததில்லை.

காட்டினேன்.
அலமாரிக் கதவில் ஒரு பிளவு.
சுவரில் ஒரு குழி.
என் மிக்லோஷின் புகைப்படச் சட்டத்தில்
உடைந்த மூலை.
குழிக்குள் மூன்று விரலை வைத்து
கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்,
காய்ச்சல் பார்ப்பவன் போல.
புகைப்படத்திடம் மட்டும் மன்னிப்புக் கேட்டான்.

ஐம்பத்தாறில் அவனை மேற்கே விற்றார்கள்,
ஒரு கேட்சருக்கும் கொஞ்சம் ரொக்கத்துக்கும்.
நிம்மதி. இல்லை என்றால் பொய்.
ஜன்னலுக்குத் திரை தைத்தேன்.
எட்டாம் நம்பரில் வந்த புதியவன்
எல்லாவற்றையும் இடப்புறமே அடித்தான்,
அங்கே இருப்பது ஒரு மரக்கடை.

முழங்காலில் கத்தி பட்டபின்
இங்கேயே மலிவாகத் திரும்ப வாங்கினார்கள்.
அறுபது செப்டம்பர்.
கடைசி இன்னிங்ஸில், வேறொருவனுக்குப் பதிலாக, மட்டை பிடிக்க.
நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன்.

டக்.

அடுப்பை அணைத்தேன். சுவரோரம் நின்றேன்.
தெருவில் ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி
அண்ணாந்து பார்த்தான்.
நின்றேன்.
வேலியருகே பிடித்துவிட்டார்கள் என்றது வானொலி,
பத்தடி குறைவு.
வெங்காயத்தை மறுபடி வைத்தேன்.
கருகிப்போயிற்று, எப்படி என்று தெரியவில்லை.

பத்திரிகை எழுதியது:
இருநூற்றுப் பதினான்கு ஹோம் ரன்,
ஆயிரத்துச் சொச்சம் ஸ்ட்ரைக் அவுட்.
என் நோட்டில் பன்னிரண்டு சதுரம்,
ஒரு சூப்பு, வசூலாகாதது.

அவன் பொருத்திய கண்ணாடி கொஞ்சம் அலை,
அதன் வழியே பார்த்தால் விளக்குக் கம்பம் வளையும்.
ஓரத்து மக்கில் கட்டைவிரல் ரேகை,
இரண்டு முறை வண்ணம் அடித்தும் தெரிகிறது.

மைதானத்தை இடித்தார்கள்.
அடுத்த மாதமே வீட்டுக்காரர் படியேறி வந்தார்:
இனி ஆபத்து ஒன்றுமில்லை பாருங்கள்,
வாடகை பதினோரு டாலர் கூடும்.